பக்கத்து வீட்டு பாய் ஹஜ்ஜுக்குப் போகிறார்: நம் சபை மக்கள் கேட்கும் கேள்விகள்

வேலூரில் பிறந்து வளர்ந்தவன் நான். பல வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நம் ஊர்க் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் பரிசுத்த யோவான் ஆலயமும் இருக்கின்றன. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் முஸ்லிம்களோடுதான் வாழ்கிறோம், வேலை செய்கிறோம், கடை வைக்கிறோம். இருந்தும் ஹஜ் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்கு "மக்காவுக்குப் போவாங்க" என்பதற்கு மேல் தெரியாது. தெரியாத இடத்தில் தவறான பேச்சு சுலபமாகப் புகுந்துவிடுகிறது. வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகரும் இல்லை, ஆலிமும் (இஸ்லாமிய மார்க்க அறிஞரும்) இல்லை. இயேசுவை ஆண்டவராக நம்புகிறவன், அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

எல்லா முஸ்லிம்களும் போக வேண்டுமா?

உடல் பலமும் பண வசதியும் உள்ள ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரு முறை கடமை. குர்ஆன் 3-வது அத்தியாயம் 97-வது வசனமே "போக வசதி உள்ளவர்களுக்கு" என்றுதான் சொல்கிறது. கடன் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும், வீட்டில் விட்டுப்போகிறவர்களின் செலவுக்கு வழி செய்ய வேண்டும். துல்ஹஜ் மாதம் 8-ம் நாள் தொடங்கி 12 அல்லது 13 வரைக்கும்தான் ஹஜ். மற்ற நாட்களில் போய் வருவது உம்ரா, அது வேறு. பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். அதனால்தான் 2024-ல் ஜூன் நடுவில் வந்தது, 2025-ல் ஜூன் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது.

அங்கே போய் என்னதான் செய்கிறார்கள்?

ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணியை உடுத்திக்கொள்கிறார்கள். அந்த நிலைக்கு இஹ்ராம் என்று பெயர். பெண்கள் வழக்கமான அடக்கமான உடையிலேயே இருக்கலாம், முகத்தை மட்டும் மூடக் கூடாது. வாசனைத் திரவியம் இல்லை, முடி நகம் வெட்டுவதில்லை, வேட்டை இல்லை, சண்டை இல்லை. தோல் தொழிற்சாலை முதலாளியும் அதே தொழிற்சாலையில் தோல் உலர்த்துகிறவரும் அந்தத் துணியில் நின்றால் யார் எவர் என்று தெரியாது. பலர் அந்தத் துணியைப் பத்திரமாக வைத்திருந்து தங்கள் கஃபனாக, அதாவது அடக்கத் துணியாகப் போடச் சொல்லிவிடுகிறார்கள்.

"லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். "வந்துவிட்டேன் இறைவா, இதோ வந்துவிட்டேன்" என்று பொருள். சின்ன சாமுவேல் ராத்திரியில் எழுந்து ஓடிப்போய் "இதோ இருக்கிறேன்" என்றானே, எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

மக்காவின் பெரிய மசூதிக்கு நடுவில் இருக்கும் கனசதுரக் கட்டடம் காபா. அது இடப்பக்கம் இருக்கும்படி ஏழு முறை சுற்றுவது தவாஃப். ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு நடை போவது ஸயீ, மொத்தமாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்புறம் மினா என்ற இடத்தில் கூடாரம். 9-ம் நாள் மதியத்திலிருந்து சூரியன் மறையும் வரை அரஃபா மைதானத்தில் நின்றும் உட்கார்ந்தும் மன்றாடுகிறார்கள், ஹஜ்ஜின் உயிரே அந்த மதியம்தான், அதைத் தவறவிட்டால் ஹஜ்ஜே இல்லை. ராத்திரி முஸ்தலிஃபாவில் திறந்தவெளியில் தங்கிக் கூழாங்கல் பொறுக்கிக்கொள்கிறார்கள். மறுநாள் ஜம்ராத் என்ற இடத்தில் சாத்தான் மேல் கல்லெறிவது, குர்பானி என்ற மிருகப் பலி, தலை மழிப்பது, மறுபடியும் தவாஃப். கடைசியாக ஊர் திரும்பும்போது விடைபெறும் தவாஃப் ஒன்று. ஹஜ் என்னவோ ஐந்தாறு நாள்தான், ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்கள் வழக்கமாக 40 நாள் அளவுக்கு அங்கே இருந்துவிட்டு வருவார்கள்.

கறுப்புக் கல்லைக் கும்பிடுகிறார்களாமே?

இல்லை. இதை யாராவது சபையில் சொன்னால் அங்கேயே திருத்துங்கள். காபாவின் மூலையில் இருக்கும் ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடுவது உண்டு. ஆனால் நபிக்குப் பின் இரண்டாவதாகத் தலைமை ஏற்ற கலீஃபா உமர், அந்தக் கல்லைப் பார்த்து "நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபி முத்தமிட்டதை நான் பார்த்திருக்காவிட்டால் நானும் முத்தமிட மாட்டேன்" என்று சொன்னதாக அவர்களுடைய ஹதீஸ் நூல்களிலேயே, அதாவது நபியின் சொல்லையும் செயலையும் தொகுத்த நூல்களிலேயே இருக்கிறது. காபா அவர்களுக்குத் திசை, தெய்வம் இல்லை. தானியேல் எருசலேமுக்கு நேரான பலகணியைத் திறந்து வைத்து ஜெபித்தான் என்று படிக்கிறோம். எருசலேம் நகரத்தையா அவன் கும்பிட்டான்?

ஆகாருக்கும் ஹஜ்ஜுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்களே, அது ஒரு அடிமைப் பெண் தண்ணீருக்காக ஓடிய ஓட்டத்தின் நினைவு. அவர்கள் ஹாஜரா என்று சொல்வதும் நம் வேதத்தில் வரும் ஆகாரும் ஒருவர்தான். இஸ்லாமிய மரபில், இப்ராஹீம் நபி (நம் ஆபிரகாம்) அவளையும் கைக்குழந்தை இஸ்மாயீலையும் (நம் இஸ்மவேல்) அந்த வறண்ட பள்ளத்தாக்கில் விட்டுப்போகிறார், தண்ணீர் தீர்கிறது, பிள்ளை துடிக்கிறது, அவள் இந்தக் குன்றில் ஏறிப் பார்க்கிறாள், அந்தக் குன்றில் ஏறிப் பார்க்கிறாள், ஏழு முறை ஓடிய பிறகு ஜம்ஜம் ஊற்று கிளம்புகிறது. நடுவில் ஒரு பகுதியில் பச்சை விளக்கு போட்டிருப்பார்கள், அங்கே ஆண்கள் கொஞ்சம் ஓட வேண்டும், பெண்கள் ஓட வேண்டியதில்லை. ஒரு பெண் ஓடியதை நினைத்து ஆண்கள் ஓடுகிறார்கள்.

இப்போது ஆதியாகமம் 21-ஐ எடுங்கள். இங்கே பெயெர்செபா வனாந்தரம். அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் தோளில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் செலவழிந்ததும் பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க முடியாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுகிறாள். தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிறார், அவள் கண்களைத் திறக்கிறார், அவள் ஒரு துரவைக் காண்கிறாள். அவர்கள் கதையில் அவள் ஓடுகிறாள், நம் வேதத்தில் உட்கார்ந்து அழுகிறாள், இரண்டிலும் தண்ணீர் கிடைக்கிறது. இதற்கு முன்னால் 16-ம் அதிகாரத்தில் ஒரு முறை ஓடிப்போனபோது தன்னோடு பேசின கர்த்தருக்கு "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பெயரே வைக்கிறாள். வேதத்தில் கடவுளுக்கு ஒரு பெயரைச் சூட்டிய முதல் ஆள் இந்த எகிப்து தேசத்து அடிமைப் பெண்தான்.

இதை நாம் எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று நேராகப் போய்விடுகிறோம். ஆகாரைச் சொன்னால்கூட கலாத்தியர் 4-ஐ வைத்து "அடிமையானவளைப் புறம்பே தள்ளு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பவுல் அங்கே இரண்டு உடன்படிக்கைகளை ஒப்பிடுகிறார், பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிப் பேசவில்லை.

நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பிறகு கிராமம் கிராமமாகத் திருச்சபைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலோர் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்ட மக்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மேலே நின்று யாராவது ஊற்றினால்தான் உண்டு. என் பாட்டி அப்படிக் குடத்தோடு காத்து நின்றதைச் சொல்லியிருக்கிறாள். துரத்தப்பட்டவள், தண்ணீருக்குத் தவித்தவள், கடவுள் தன்னைக் கண்டார் என்று சொன்னவள், அவள் நம் பாட்டிகளின் ஆள் இல்லையா? நாம் அவளைப் படிக்காமல் தாண்டிப்போகிறோம், அவர்கள் அவளுக்காக வெயிலில் நடக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஹஜ்ஜை என்னால் வேறு யாருடைய விவகாரமாகவோ பார்க்க முடியவில்லை.

ஆபிரகாம் பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்கா, இஸ்மவேலா?

நம் வேதம் தெளிவாக ஈசாக்கு என்கிறது, இடம் மோரியா. குர்ஆனில் 37-வது அத்தியாயத்தில் இந்தச் சம்பவம் வருகிறது, அங்கே மகனின் பெயர் சொல்லப்படவில்லை. பலிச் சம்பவம் முடிந்த பிறகுதான் ஈசாக்கைப் பற்றிய நற்செய்தி வருகிறது, அதனால் முதலில் சொன்னது இஸ்மாயீலைத்தான் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் முடிவு. இதில் இரண்டு பேரும் சரி என்று சொல்லி மழுப்ப என்னால் முடியாது. ஆனால் இந்த விவாதத்தை டீக்கடையில் ஜெயித்து ஒரு பயனும் இல்லை. எனக்குப் பிடித்த வசனம் ஆதியாகமம் 25:9. ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள்.

பைபிளில் மக்கா இருக்கிறதா?

சங்கீதம் 84:6-ல் "அழுகையின் பள்ளத்தாக்கு" என்று தமிழில் வருவது எபிரெயத்தில் "பாகா". குர்ஆன் மக்காவை "பக்கா" என்று ஒரு இடத்தில் சொல்வதால் முஸ்லிம் அறிஞர்கள் சிலர் இரண்டையும் இணைக்கிறார்கள். அந்தச் சங்கீதம் சீயோனுக்குப் போகும் வழியைப் பாடுகிறது, அதனால் எனக்கு அந்த இணைப்பு சரியாகப் படவில்லை. ஆனாலும் அழுகையின் பள்ளத்தாக்கை நடந்து கடக்கிறவர்கள் அதை நீரூற்றாக்குகிறார்கள் என்ற வரியை ஆகாரின் கதையோடு சேர்த்துப் படிக்கும்போது மனசு நிறைகிறது.

ஹஜ் முடித்தால் பாவம் எல்லாம் போய்விடும் என்கிறார்களே, அதை நாம் ஏற்கலாமா?

ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜை முடித்தவர் தாய் பெற்ற நாளில் இருந்ததுபோலத் திரும்புகிறார் என்று ஒரு ஹதீஸ் சொல்கிறது. நிக்கொதேமுவிடம் இயேசுவும் மறுபடி பிறப்பதைப் பற்றித்தான் பேசினார். ஏக்கம் ஒன்றே. வழி வேறு, இங்கே நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: எந்த ஊருக்கு நடந்தாலும், எருசலேமுக்கே நடந்தாலும், என் நடை என்னைச் சுத்தமாக்காது என்றுதான் நான் நம்புகிறேன். கிறிஸ்து ஒரே தரம் தம்மைப் பலியாகக் கொடுத்தார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. அதே நிருபத்தின் 13-ம் அதிகாரம் அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்கிறது. ஊருக்கு வெளியே. சிலுவை நடந்ததே இல்லை என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை, அதுதான் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் பெரிய வித்தியாசம். அதை மறைத்து வைத்துப் பழகினால் நம்மை மதிக்கிற பாய் நம்மை நம்ப மாட்டார்.

சரி, அவர்களும் "டிக்கெட் எடுத்தால் மன்னிப்பு" என்று நினைக்கவில்லை. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும், மக்காவில் தீராது என்று அவர்கள் போதிக்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டு பாயும் பாயம்மாவும் 2020-ல் போக வேண்டியவர்கள். கொரோனா வந்து அந்த வருடமும் அடுத்த வருடமும் வெளிநாட்டிலிருந்து யாரையும் விடவில்லை. 2022-ல் 65 வயதுக்கு மேல் கூடாது என்றார்கள், பாய்க்கு அது தாண்டிவிட்டது. அந்த வருடம் தமிழ்நாட்டுக்காரர்கள் கொச்சிக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது, சென்னையிலிருந்து மறுபடி விட்டது 2023-ல்தான். அந்த வருடம் இவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் கழிவுநீர்க் கால்வாய் விஷயத்தில் என் அப்பாவோடு அவருக்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அப்பா இப்போது இல்லை. "உங்க அப்பாவை நான் மரியாதை இல்லாம பேசிட்டேன் தம்பி, அவருக்குப் பதிலா நீங்க மன்னிச்சிடுங்க" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. காணிக்கை செலுத்தப் போகிறபோது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. எத்தனை திருவிருந்துக்குப் போயிருக்கிறேன், ஒரு முறையாவது அதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேனா?

சாத்தான் மேல் கல்லெறிவது எதற்கு?

மகனைப் பலியிடப் போன இப்ராஹீமைச் சாத்தான் மூன்று முறை தடுத்தான், அவர் கல்லெறிந்து விரட்டினார் என்பது அவர்கள் மரபு. நம் ஆண்டவரும் வனாந்தரத்தில் மூன்று சோதனைகளைச் சந்தித்தார், ஒவ்வொன்றுக்கும் வசனத்தால் பதில் சொன்னார். எறிவது கொண்டைக்கடலை அளவுள்ள சின்னக் கல். முன்பு அங்கே தூண்கள் இருந்தன, இப்போது பல அடுக்குப் பாலமும் நீளமான சுவரும் கட்டியிருக்கிறார்கள், கூட்ட நெரிசலில் பலர் இறந்ததால் வந்த மாற்றம் அது.

அவ்வளவு ஆபத்தா?

2015-ல் மினாவில் பெரிய நெரிசல். 2024-ல் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது, 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் போய், நிழலோ வண்டியோ இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவுதி அரசு சொன்னது. அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி ரோட்டில் பத்து நிமிடம் நின்றாலே நமக்கு என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். வயதானவர் ஒருவர் உங்கள் தெருவிலிருந்து போகிறார் என்றால் அந்த நாட்களில் அவர் பெயரைச் சொல்லி ஜெபம் செய்யுங்கள்.

நம் வரிப்பணத்தில்தானே போகிறார்கள்?

மத்திய அரசின் ஹஜ் மானியம் 2018-லேயே நின்றுவிட்டது. படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2012-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. அதுவும் பெரும்பாலும் விமானக் கட்டணத்துக்காகவே போன பணம். இன்னொன்று, கிறிஸ்தவர்கள் ஜெருசலேம் போய்வரத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை கொடுக்கிறது, நம் சபைகளிலிருந்தே போய் வந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் கேட்கவே கூடாது.

நமக்கும் ஹஜ் மாதிரி ஏதாவது உண்டா?

கடமையாக இல்லை. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29-ல் கொடியேறியதும் காவி உடுத்தி நடந்து போகிற கத்தோலிக்க மக்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள், அது பக்தி, கட்டளை இல்லை. யூதர்களுக்கு வருடத்தில் மூன்று பண்டிகைக்கு எருசலேம் போகும் கட்டளை இருந்தது. இயேசுவும் பன்னிரண்டு வயதில் பஸ்காவுக்குப் போனார். சங்கீதம் 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள் அந்த வழிநடையில் பாடியவை என்று சொல்வார்கள். ஆனால் சமாரியப் பெண்ணிடம், இந்த மலையிலும் எருசலேமிலும் மட்டும் அல்ல, எங்கும் பிதாவைத் தொழும் காலம் வருகிறது என்று அவர் சொல்லிவிட்டார். அதுவும் ஒரு கிணற்றடியில், ஊரார் ஒதுக்கிய ஒரு பெண்ணிடம்.

பக்ரீத் கறி கொடுத்தால் வாங்கலாமா? ஜம்ஜம் தண்ணீர்?

இதில் நம் சபைக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றி அப்போஸ்தலர் 15-ஐயும் 1 கொரிந்தியர் 8-ஐயும் காட்டி வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. என் பதில்: அது எந்தச் சிலைக்கும் படைத்தது இல்லை. பாவநிவாரணப் பலியும் இல்லை. "அதன் மாமிசமோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது" என்ற பொருளில் குர்ஆன் 22:37 இருக்கிறது. ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு உறவுக்கும் அண்டை அயலுக்கும், ஒரு பங்கு ஏழைக்கு. ஆட்டுத்தோல்கூட வீணாகாது, அது போய்ச் சேரும் ஆம்பூர், பேர்ணாம்பட்டு தோல் கிடங்குகளில் நம் ஆட்களும் வேலை செய்கிறார்கள். நான் வாங்குகிறேன், சாப்பிடுகிறேன். உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் கையைப் பிடித்து நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், வாங்கிக் குப்பையில் போடாதீர்கள். ஜம்ஜம் தண்ணீரும் அப்படித்தான். அதை மந்திரத் தண்ணீராக நினைத்துக் குடிக்க வேண்டாம், ஆகாரை நினைத்துக்கொண்டு குடிக்கலாம்.

நாமும் மக்காவைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

யூடியூபில் கத்துகிறவர்களை வேண்டாம். நம் ஊரிலேயே பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க பெயருக்குப் பின்னால் "பாகவி" என்று போடுகிற ஆலிம்கள் அங்கே படித்தவர்கள். மரியாதையோடு "ஹஜ்ரத், எனக்கு இது புரியல" என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிற நேரத்தில் அவர்களிடம் சுவிசேஷம் சொல்லலாமா?

வழியனுப்பப் போன இடத்தில் அவர்கள் கையில் துண்டுப்பிரதி கொடுக்காதீர்கள். உங்களிடம் உள்ள நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்பது பேதுருவின் வார்த்தை. கேட்கிற அளவுக்கு முதலில் பழக வேண்டும்.

திரும்பி வந்ததும் போய்ப் பார்க்க வேண்டுமா? என்ன பேசுவது?

கண்டிப்பாகப் போங்கள். மாலை, சால்வை எல்லாம் அவரவர் வழக்கம். பேரீச்சம்பழம் கொடுப்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேச விடுங்கள், அதுதான் முக்கியம், 40 நாள் கதை உள்ளே இருக்கும்.

நாங்கள் போனபோது பாய் அரஃபாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பாயம்மா சமையற்கட்டிலிருந்து வந்து என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டு வலியால் ஸயீயில் நாலாவது நடையிலேயே கால் நின்றுவிட்டது என்றும், சக்கர நாற்காலி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முடித்தேன் என்றும் சொன்னார். "அந்தம்மா புள்ளைக்காக ஓடினாங்களே, நான் நடக்கக்கூட மாட்டேனா?" பிறகு என்னைப் பார்த்து, "உங்க கிதாபுல ஹாஜராம்மா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். போனில் ஆதியாகமம் 21 எடுத்து 14-ம் வசனத்திலிருந்து வாசித்தேன். பிள்ளையைச் செடியின் கீழே விட்ட இடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ படிங்க" என்றார்.